தொண்ணூறு வயதிலும் தசை வளரும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹீப்ரூ மறுவாழ்வு மையம் என்றொரு பெரிய முதியோர் இல்லம் உண்டு. அங்கே தங்கியிருந்த பத்துப் பேரை 1980-களின் இறுதியில் எடைப் பயிற்சிக்கு அழைத்தார் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர். அவர்களின் சராசரி வயது 90. எல்லோரும் உடல் தளர்ந்தவர்கள். மூட்டுத் தேய்மானம், இதய நோய், ரத்த அழுத்தம் என்று பல ஆண்டுகளாக மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். சிலருக்குக் கைத்தடி இல்லாமல் நடக்க வராது. மூன்று பேரால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழவே முடியாது.

பயிற்சி எளிமையானது, ஆனால் கடுமையானது. உட்கார்ந்த நிலையில், காலில் எடையை வைத்து முழங்காலை நீட்டி மடக்க வேண்டும். ஒவ்வொருவராலும் ஒரே ஒரு தடவை அதிகபட்சமாக எவ்வளவு எடையைத் தூக்க முடிகிறது என்று முதலில் அளந்தார்கள். முதல் வாரம் அதில் பாதி. பிறகு 80 சதவீதம். எட்டு தடவை தூக்கினால் ஒரு சுற்று, அப்படி மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். பலம் கூடக் கூட எடையையும் கூட்டிக்கொண்டே போனார்கள். இப்படி எட்டு வாரம்.

ஒன்பது பேர் பயிற்சியை முடித்தார்கள். அவர்களின் தொடைத்தசையின் பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்திருந்தது. அதாவது முன்பு இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. தொடைத்தசையின் பருமன் 9 சதவீதம் கூடியிருந்தது. ஒரு குதிகாலை மறு காலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கும் வேகம் 48 சதவீதம் அதிகரித்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். கையூன்றாமல் எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர் தானாகவே எழுந்து நின்றார்.

1990-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஆய்விதழில் இந்த முடிவுகள் வெளியாயின. வயதாக ஆகத் தசை கரையும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்ற எண்ணம் மருத்துவர்களிடமே ஊறியிருந்த காலம் அது. முதுமையில் தசை குறைவது உண்மைதான். ஆனால் மீண்டும் வளரும் திறனை அது இழந்துவிடுவதில்லை. இந்த அத்தியாயத்தின் சாரம் அதுதான்: தசைக்கு வேலை கொடுத்து, அந்த வேலைக்கு ஏற்ற உணவையும் கொடுத்தால், எந்த வயதிலும் அது பதில் சொல்லும். இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்தால் முழுப் பலன் கிடைக்காது.

தசைக்குள் நடப்பது

முதுமையில் ஏற்படும் தசையிழப்புக்கு ‘சார்கோபீனியா’ என்ற பெயரை 1989-இல் வைத்தவர், பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக முதுமை ஊட்டச்சத்து மையத்தை நடத்திவந்த இர்வின் ரோசன்பெர்க். அதற்கென்று தனி நோய்க்குறியீட்டு எண் அமெரிக்காவில் வந்தது 2016-இல்தான். கண்ணுக்கு முன்னால் எல்லாருக்கும் நடந்துகொண்டிருக்கும் ஒன்று நோயாக ஏற்கப்படுவதற்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

75 வயதுக்கு மேல் ஆண்டுதோறும் தசையின் அளவு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது. தசையின் பலமோ ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் குறைகிறது. அளவு குறைவதைவிட வேகமாகப் பலம் குறைவது ஏன்? முக்கியக் காரணம் ஒன்று தசைக்கு வெளியே, நரம்பில் இருக்கிறது.

முதுகுத்தண்டில் உள்ள ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் ஒரு கொத்துத் தசையிழைகளை ஆள்கிறது. வயது கூடும்போது இந்த நரம்பணுக்களில் ஒரு பகுதி இறந்துபோகிறது. அது ஆண்டுவந்த இழைகள் கட்டளை இல்லாமல் நிற்கின்றன. ஒரு தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் பழுதானால் பக்கத்துத் தெருவிலிருந்து இணைப்பு இழுத்துக் கொடுப்பதுபோல, உயிரோடிருக்கும் நரம்பணு ஒன்று தன் கிளையை நீட்டி அந்த இழைகளில் சிலவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. இணைப்புக் கிடைக்காத இழைகள் சுருங்கி மறைகின்றன. அந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்கின்றன.

இந்த இழப்பு எல்லா இழைகளுக்கும் ஒரே அளவில் நேர்வதில்லை. தசையில் மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் உழைக்கும் இழைகள் உண்டு; சட்டென்று சுருங்கிப் பெரும் விசை தரும் இழைகளும் உண்டு. முதுமை அதிகம் தின்பது இரண்டாவது வகையை. வாசல்படியில் கால் தடுக்கும்போது அடுத்த காலை நொடிக்குள் முன்னால் வைத்து உடலைத் தாங்கிக்கொள்ள வேண்டுமே, அதற்கு உதவுபவை இந்த இழைகள்தான். ஒரு மணி நேரம் அசராமல் நடக்கக்கூடிய எழுபது வயதுக்காரர் ஈரத் தரையில் வழுக்கும்போது தன்னைப் பிடித்து நிறுத்த முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாஸ்டன் ஆய்வின் இரண்டு எண்களை இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பலம் கூடியது 174 சதவீதம்; தசையின் பருமன் கூடியது 9 சதவீதம். தசை சிறிதே பருத்தது, பலமோ இரண்டரை மடங்கைத் தாண்டியது. பயன்படுத்தாமல் விட்டதால் தூங்கிக்கிடந்த இழைகளை நரம்பு மண்டலம் மீண்டும் வேலைக்கு அழைக்கக் கற்றுக்கொண்டதே இதற்கு விளக்கம். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கிடைக்கும் பலத்தில் பெரும்பகுதி இப்படி நரம்பு வழியாக வருவதுதான். கண்ணாடியில் பார்த்தால் கால் அப்படியேதான் இருக்கும். ஆனால் மாடிப்படி ஏறும்போது வித்தியாசம் தெரியும்.

தசை நடப்பதற்கு மட்டும் உள்ள உறுப்பு அல்ல. சாப்பிட்ட பிறகு இன்சுலினின் கட்டளைக்கு இணங்கிச் சர்க்கரையை வாங்கிக்கொள்வதில் முதலிடம் தசைக்குத்தான். நோய்வாய்ப்பட்டுச் சாப்பாடு இறங்காத நாட்களில் உடல் தனக்குத் தேவையான அமினோ அமிலங்களைத் தசையை உடைத்தே எடுத்துக்கொள்கிறது. ஒரே உடல் நிறைக் குறியீடு (பிஎம்ஐ) உள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் இந்தியர்களின் உடலில் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கிறது. அதனால் நம் ஊர்ச் சர்க்கரை நோயாளி ஒருவர் தசையைக் காப்பது, மாத்திரையைத் தவறாமல் போடுவதற்கு இணையான மருத்துவம்.

சத்துபானம் தனியாக என்ன செய்தது

தாத்தா பாட்டி மெலிந்துபோனால் நம் வீடுகளில் முதலில் வாங்குவது ஒரு டப்பா சத்துமாவு அல்லது புரதப் பவுடர். அது பலம் தருமா? இதையும் ஃபியாடரோன் குழுவே சோதித்தது. அதே பாஸ்டன் இல்லத்தில், இம்முறை 100 பேர். சராசரி வயது 87; மூத்தவருக்கு 98. அவர்களை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எடைப் பயிற்சி. ஒரு பிரிவுக்குத் தினமும் 240 மில்லி, 360 கலோரி சத்துபானம். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம் நடந்த இந்த ஆய்வு 1994-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் வெளியானது.

பயிற்சி செய்தவர்களின் தசைப் பலம் 113 சதவீதம் கூடியது. செய்யாதவர்களுக்கு 3 சதவீதம். நடைவேகம் பயிற்சியாளர்களுக்கு 11.8 சதவீதம் உயர்ந்தது. மற்றவர்களுக்குச் சற்றுக் குறைந்தது. படியேறும் திறன் 28 சதவீதம் கூடியது. சத்துபானத்தை மட்டும் குடித்தவர்களின் பலத்திலோ நடையிலோ ஒரு மாற்றமும் இல்லை.

இன்னொரு செய்தியும் அந்த ஆய்வில் இருந்தது. உடற்பயிற்சி இல்லாமல் சத்துபானம் குடித்தவர்கள் அந்த அளவுக்கு வழக்கமான சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். மொத்தத்தில் உள்ளே போன கலோரி கூடவில்லை. பயிற்சியும் செய்து பானமும் குடித்தவர்களுக்குத்தான் மொத்த உணவு உண்மையில் அதிகரித்தது. உழைப்பு பசியைக் கொண்டுவருகிறது. பசி வந்தால்தான் சத்து சேர்கிறது. சாப்பிட மறுக்கும் பெரியவரிடம் தட்டை நீட்டி மன்றாடும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். அவருக்குப் பசிக்கும்படி ஏதாவது ஒரு வேலையை உடலுக்குக் கொடுத்தோமா என்பதே முதல் கேள்வி.

உணவு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. கட்டளை பிறப்பிப்பது உழைப்பு. கட்டுமானப் பொருள் தருவது உணவு.

எத்தனை தடவை, எவ்வளவு எடை

இந்த வித்தைக்கு ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கைப்பிடி இல்லாத, உறுதியான ஒரு நாற்காலி போதும். அது நகராதபடி சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும்.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதுதான் முதல் பயிற்சி. எழுந்திருப்பதைக் கொஞ்சம் உற்றுக் கவனிப்போம். முதலில் பாதங்களைப் பின்னால் இழுத்து, முழங்காலுக்குச் சற்று உள்ளே வரும்படி வைக்கிறோம். இடுப்பை மடக்கி உடலை முன்னால் சாய்க்கிறோம். மூக்கு கால் விரல்களுக்கு நேர் மேலே வரும் கணத்தில் உடலின் எடை இருக்கையிலிருந்து பாதங்களுக்கு மாறுகிறது. பிட்டம் இருக்கையை விட்டு மேலெழும் அந்த நொடிதான் முழுச் செயலிலும் கடினமானது. தொடையின் முன்தசை முழங்காலை நீட்டுகிறது. பிட்டத்தசை இடுப்பை நிமிர்த்துகிறது. கெண்டைக்கால் தசை உடல் முன்னால் விழாமல் பிடித்துக்கொள்கிறது. எழ முடியாமல் தவிக்கும் பலரிடம் பலக் குறைவோடு இன்னொரு தவறும் இருக்கும்: விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் முன்னால் சாய மாட்டார்கள். நேராக நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பார்கள். திரும்பத் திரும்ப இருக்கையில் சரிவார்கள். அவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது சாய்வதைத்தான்.

இதைப் படிப்படியாகக் கடினமாக்கலாம். தொடக்கத்தில் இருக்கையின் மேல் கெட்டியான தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, இரண்டு கையையும் ஊன்றி எழலாம். பிறகு ஒரு கை. பிறகு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு. அடுத்து தலையணையை எடுத்துவிட்டு. உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனதுக்குள் நான்கு எண்ணிக்கொண்டு மெல்ல இறங்க வேண்டும். இறங்கும்போதும் தசை உழைக்கிறது. இதுவும் சுலபமான பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை மார்போடு அணைத்தபடி எழலாம்.

எட்டு முதல் பன்னிரண்டு தடவை ஒரு சுற்று. இரண்டு நிமிட ஓய்வு. அப்படி இரண்டு மூன்று சுற்று. எண்ணிக்கையைவிட முக்கியமான ஒரு விதி உண்டு: ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். பன்னிரண்டாவது தடவையும் சிரித்துக்கொண்டே எழ முடிந்தால், தசைக்கு நாம் ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். கடினத்தை ஒரு படி கூட்டுங்கள். பாஸ்டன் முதியவர்களுக்குப் பலன் வந்தது 80 சதவீத எடையில். கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு நிறுத்தும் பயிற்சி மனதுக்கு இதம் தரும், பலம் தராது.

இதோடு வேறு நான்கைச் சேர்த்துக்கொண்டால் உடல் முழுவதற்கும் வேலை கிடைத்துவிடும். சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது. சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கி நீட்டித் தள்ளுவது. வாசலின் ஒரே படியில் ஏறி இறங்குவது, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்படி. இரண்டு கையிலும் சம எடையுள்ள பைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது. வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். இடைப்பட்ட நாளில்தான் தசை தன்னைச் சரிசெய்து கட்டிக்கொள்கிறது.

பிடித்துக்கொண்டே ஒற்றைக் காலில் நிற்பதையும் குதிகால்-விரல் நடையையும் தினமும் செய்யலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 80 வயதைக் கடந்த பெண்களுக்கு இப்படி வீட்டிலேயே செய்யும் பலப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் கற்றுக்கொடுத்து, அவர்கள் கீழே விழுவது குறைந்ததை 1997-இல் காட்டினார்கள். உலகம் முழுவதும் நடந்த 108 ஆய்வுகளை 2019-இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வறிக்கை, உடற்பயிற்சி விழுதல்களை 23 சதவீதம் குறைக்கிறது என்று கண்டது. இடுப்பெலும்பு முறிந்து படுத்த ஒரு முதியவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த 23 சதவீதத்தின் அருமை தெரியும்.

உங்கள் நிலையைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. கைகளைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். ஆசிய நாடுகளின் சார்கோபீனியா வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவின்படி, இதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். அதே குழு சொல்லும் இன்னொரு அளவு கெண்டைக்காலின் சுற்றளவு: ஆணுக்கு 34 செ.மீ.க்கும் பெண்ணுக்கு 33 செ.மீ.க்கும் கீழே இருந்தால் தசை குறைந்திருக்கலாம். தையல் நாடா இருந்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம்.

சில எச்சரிக்கைகள். எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சமீபத்தில் அறுவை சிகிச்சை, கண்புரை அல்லது விழித்திரைச் சிகிச்சை ஆகியவை இருந்தால் முதலிலேயே கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. தொடைத்தசையைப் பலப்படுத்துவது அந்த நோய்க்கான அடிப்படைச் சிகிச்சைகளில் ஒன்று. வலிக்காத உயரத்தில் தொடங்கினால் போதும்.

நடை நல்லது, அதோடு நிறுத்த வேண்டாம்

கடற்கரையிலும் பூங்காவிலும் காலையில் நடப்பவர்களில் பாதிப் பேர் அறுபதைக் கடந்தவர்கள் என்று தோன்றும். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனதுக்கும் நல்லது. அதில் சந்தேகமில்லை. ஆனால் சமதளத்தில் நடக்கும்போது தொடைத்தசை தன் திறனில் ஒரு சிறு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. வேகமாகச் சுருங்கும் இழைகளுக்கு அதில் வேலை குறைவு.

அமெரிக்காவில் எட்டு மையங்களில், 70 முதல் 89 வயதுவரையுள்ள 1,635 பேரிடம் ‘லைஃப்’ என்ற ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு நடையோடு பலப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும். மற்றதற்கு உடல்நலம் பற்றிய வகுப்புகள். சராசரியாக 2.6 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, 400 மீட்டர் நடக்க முடியாத நிலைக்குப் போனவர்கள் பயிற்சிப் பிரிவில் 30.1 சதவீதம், வகுப்புப் பிரிவில் 35.5 சதவீதம். 400 மீட்டர் என்பது பேருந்து நிறுத்தம்வரை, மளிகைக் கடைவரை, கோயில்வரை போய்வரும் தூரம். அதை இழப்பவர் வீட்டோடு முடங்குகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்போடு நிறுத்திக்கொள்ளவில்லை. வாரம் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும், முதியவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சியும் வேண்டும் என்கிறது.

தட்டில் இருப்பதைக் கணக்கிடுவோம்

இளைஞர் ஒருவரின் தசை, ஒரு வேளைச் சாப்பாட்டில் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.24 கிராம் புரதம் வந்தாலே முழு வேகத்தில் கட்டுமானத்தைத் தொடங்கிவிடுகிறது. முதியவரின் தசைக்கு அதே வேகம் வர 0.4 கிராம் தேவைப்படுகிறது. வயதான தசைக்குக் காது சற்று மந்தம். கூடுதலாகச் சொன்னால்தான் கேட்கும். அதிலும் லியூசின் என்ற அமினோ அமிலம்தான் கட்டுமானத்தைத் தொடங்கிவைக்கும் முக்கிய சமிக்ஞை. பால், முட்டை, மீன், இறைச்சி, சோயா ஆகியவற்றில் அது நிறைந்திருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த அளவு கிலோவுக்கு 0.83 கிராம். முதியவர்களுக்கென்றே 2013-இல் கூடிய பன்னாட்டு வல்லுநர் குழு கேட்டது 1 முதல் 1.2 கிராம், நோயிலிருந்து மீள்பவர்களுக்கு 1.5 கிராம்வரை. அறுபது கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் சாப்பிடுவதைப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி, கொஞ்சம் சாம்பார்: 9 கிராம். மதியம் சாதம், சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர்: 14 கிராம். இரண்டு வேளை காபி: 6 கிராம். இரவுக்கு ‘லேசாக’ இரண்டு தோசையும் தேங்காய்ச் சட்னியும்: 7 கிராம். மொத்தம் 36. தேவையில் பாதியைச் சற்றுத்தான் தாண்டுகிறது. வயிறு நிறைந்திருக்கிறது, தசை பசியோடு இருக்கிறது. சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு கரண்டிச் சாம்பாரில் இருக்கும் பருப்பு 10, 15 கிராம்தான். அதில் வரும் புரதம் மூன்று கிராமைத் தொட்டால் பெரிது.

அதே சமையலறையில், அதே அடுப்பில், இதை மாற்ற முடியும். காலையில் இட்லிக்குப் பதில் வாரம் சில நாள் பருப்பு அதிகம் போட்ட அடை இரண்டு, கூட ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால்: 24 கிராம். மதியம் சாதத்தைச் சற்றுக் குறைத்து, கெட்டியான பருப்புக் கூட்டு, ஒரு துண்டு மீன் அல்லது சைவர்களுக்குக் கொஞ்சம் பன்னீர், ஒரு கிண்ணம் தயிர்: 30 கிராமை நெருங்கும். மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 8 கிராம். இரவில் இரண்டு சப்பாத்தியும் பாசிப்பயறுக் குழம்பும்: 13 கிராம். கணக்கு எழுபதைத் தாண்டிவிடுகிறது. எல்லாவற்றையும் மதியச் சாப்பாட்டிலேயே அடைக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிட வேண்டும் என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. ரேஷன் கடைத் துவரம்பருப்பு, முட்டை, வேர்க்கடலை, நெத்திலி, மத்தி எல்லாம் எளியவர்களின் புரதங்கள். பல் போனவர்களுக்குத் தயிர், அவித்த முட்டை, குழைய வெந்த பயறு, மசித்த சுண்டல், முள் நீக்கிய மீன். பல் இல்லை என்பதற்காக டீயும் ரஸ்க்கும் கஞ்சியுமாக நாளைக் கழிப்பது தசையைப் பட்டினி போடுவதாகும். செயற்கைப் பல் கட்டிக்கொள்வதும் தசையைக் காக்கும் சிகிச்சைதான்.

சிறுநீரகம் வெகுவாகப் பழுதடைந்து டயாலிசிஸ் தொடங்காத நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். முட்டையும் மீனும் தொடாதவர்களும், சர்க்கரை நோய்க்கு நீண்ட காலமாக மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களும் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. அது குறைந்தால் நரம்பு பழுதாகிக் கால் உணர்வு மரத்து நடை தள்ளாடும். முயற்சி எதுவும் செய்யாமலே ஆறேழு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் குறைந்தால், ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல் காரணத்தைத் தேட வேண்டும்.

படுக்கையில் கழியும் நாட்கள்

தசை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வரும் ஆண்டுகளைவிட, மொத்தமாகச் சரியும் சில நாட்கள்தான் பல முதியவர்களின் வாழ்க்கையைத் திருப்பிப் போடுகின்றன. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி வயது 67 உள்ள ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை; பரிந்துரைக்கப்பட்ட அளவு புரதமும் கொடுத்தார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. முழங்காலை நீட்டும் பலம் சுமார் 15 சதவீதம் குறைந்தது. காய்ச்சலும் நோய்த்தொற்றும் சேர்ந்த உண்மையான நோயாளிக்கு இழப்பு இன்னும் கூடும். நிமோனியாவுக்காகச் சேர்த்த அப்பா, நிமோனியா குணமாகி, ஆனால் நடக்க முடியாதவராக வீடு திரும்புவது இப்படித்தான்.

இதைத் தடுக்க முடியும். ஸ்பெயினின் பம்ப்லோனா நகர மருத்துவமனை ஒன்றில், சராசரி வயது 87 உள்ள 370 உள்நோயாளிகளிடம் ஆய்வு நடத்தி 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் காலையும் மாலையும் 20 நிமிடம் பயிற்சி: எழுதல், நடத்தல், எடை தூக்குதல், சமநிலை. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் வீடு திரும்பும்போது சேர்ந்தபோது இருந்ததைவிடத் தளர்ந்திருந்தார்கள். பயிற்சி செய்தவர்கள் முன்பைவிடச் சிறப்பாக நடந்தார்கள்.

அதனால், வீட்டில் முதியவர் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று: “எப்போதிலிருந்து எழுந்து உட்கார வைக்கலாம், எப்போது நடக்க வைக்கலாம்?” அனுமதி கிடைத்ததும் சாப்பாட்டைப் படுக்கையில் ஊட்டாமல் நாற்காலியில் உட்காரவைத்துக் கொடுங்கள். வீடு திரும்பிய பின் இயன்முறை மருத்துவரின் உதவியைக் கேட்டுப் பெறுங்கள். தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. சென்னை கிண்டியில் 2024 முதல் தேசிய முதியோர் நல மருத்துவமனை இயங்குகிறது. நாட்டிலேயே முதியோர் விகிதம் அதிகமுள்ள பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு. நமக்கு இது அடுத்த தலைமுறையின் கவலை அல்ல.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் பெற்றோர் மீதுள்ள அன்பை, அவர்களை ஒரு வேலையும் செய்யவிடாமல் உட்காரவைத்துக் காட்டுகிறோம். “நீங்க இருங்கம்மா, நான் எடுத்துட்டு வரேன்” என்று தண்ணீர்ச் செம்பையும் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறோம். ஒவ்வொரு நாளும் அவர்கள் எழாத ஒவ்வொரு தடவையும் அவர்களின் கால்களிலிருந்து கழிகிறது. பூவுக்குத் தண்ணீர் ஊற்றட்டும், துணி மடித்து அடுக்கட்டும், கடைக்குப் போய்வரட்டும். வழுக்கும் மிதியடியை அகற்றுங்கள், குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள், இரவில் விளக்கு எரியவிடுங்கள். வேலையை மட்டும் பறிக்காதீர்கள்.

முதியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு எழுபதோ எண்பதோ தொண்ணூறோ, தொடங்குவதற்குக் காலம் கடந்துவிடவில்லை. இன்று இரவுச் சாப்பாட்டில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பயறோ சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை எட்டு தடவை எழுந்து உட்காருங்கள். அடுத்த வாரம் பத்து தடவை. பயிற்சியை நிறுத்தினால் வந்த பலம் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். ஆகவே பல் துலக்குவதைப்போல இதையும் வாழ்நாள் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.